பழைய ஜீப் வண்டிகளுக்குக் காற்று வடிகட்டி

நூல் சிப்பங்களையும் உர மூட்டைகளையும் ஏற்றிச் செல்வதற்கும், வயல்களையும் தறிக்கூடங்களையும் பார்வையிடுவதற்கும் பழைய ஜீப் வண்டிகளும் அவ்வினத்தைச் சேர்ந்த பிற வண்டிகளும் கிராமப்புறங்களில் இன்றும் உழைத்து வருகின்றன. தார்ச் சாலை முடியும் இடத்தில்தான் இவற்றின் வேலை தொடங்குகிறது. செம்மண் பாதையில் ஒரு டிராக்டருக்குப் பின்னால் சிறிது தூரம் சென்றாலே, ஸ்டீயரிங் சக்கரத்தின்மீதும் இருக்கைகளின்மீதும் புழுதி படிந்துவிடுகிறது. அங்குப் படிந்ததைத் துணியால் துடைத்துவிடலாம். ஓட்டுநரின் நுரையீரலுக்குள் சென்றதைத் துடைப்பதற்கு வழியில்லை.

இக்காலத்தில் வெளிவரும் கார்கள் பெரும்பாலானவற்றில், உள்ளே வரும் காற்றைச் சுத்தம் செய்யும் வடிகட்டி ஒன்று டேஷ்போர்டுக்குள் அமைந்திருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் இது கிடையாது. அதைப் பின்னர் பொருத்த இயலுமா, பொருத்தினால் பயன் உண்டா என்பவை ஆராயத்தக்க கேள்விகள். இயலும், பயனும் உண்டு. ஆயின், வேலையை உரிய வரிசையில் செய்தல் வேண்டும். வரிசை மாறினால் வடிகட்டிக்குக் கொடுத்த பணம் வீணாகும்.

எஞ்சினுக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை

புழுதி எஞ்சினைக் கெடுக்கும் என்பதைப் பொறியாளர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். ஆகவேதான் பழைய வில்லிஸ் ஜீப்பிலேயே எண்ணெய்த் தொட்டியுடன் கூடிய காற்றுச் சுத்தியை வைத்தார்கள். எஞ்சினுக்குள் செல்லும் காற்று அவ்வெண்ணெயை ஒட்டித் திரும்புகையில் தூசியை அதில் விட்டுச் செல்லும். அதே வண்டியை ஓட்டியவருக்கோ எவ்விதப் பாதுகாப்பும் இல்லை. 1938ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நாஷ் என்னும் மோட்டார் நிறுவனம், வெளிக்காற்றை வடிகட்டி விசிறியால் உள்ளே செலுத்தும் அமைப்பைத் தன் கார்களில் அளித்தது. எனினும் அது எல்லா வண்டிகளுக்கும் பரவப் பல பத்தாண்டுகள் சென்றன. வயற்காட்டுக்கும் மலைப்பாதைக்கும் செல்லும் வண்டிகளை அது அடைந்தது மிகத் தாமதமாகவே.

எந்தப் புழுதி தீங்கானது?

தூசியை மைக்ரான் என்னும் அளவால் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடுகின்றன. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களோ நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்ல வல்லவை. எனவே கண்ணுக்குத் தெரியும் புழுதியைக் காட்டிலும் தெரியாத புழுதியே அஞ்சத்தக்கது. மண்பாதைப் புழுதியில் மணற்சத்தாகிய சிலிக்காவின் நுண்துகள்களும் கலந்திருக்கக்கூடும். முன்செல்லும் லாரியின் டீசல் புகையும் இதனோடு சேர்கிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் வகைப்படுத்தியது. ஆதலால் இவ்விஷயத்தை வெறும் சொகுசு என்று ஒதுக்குவது சரியன்று.

துணி ஏன் போதாது?

காற்று வரும் துவாரத்தில் ஒரு கைத்தறித் துணியைக் கட்டிவிட்டால் போதாதா என்று நெசவாளர் எவரும் கேட்கலாம். அவர்கள் நன்கறிந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு 60 இழைகள் உள்ள துணியில், ஒவ்வோர் இழைக்கும் கிடைக்கும் இடம் சுமார் 423 மைக்ரான். 40ஆம் நம்பர் நூலின் பருமன் ஏறத்தாழ 140 மைக்ரான். ஆகவே இரண்டு இழைகளுக்கு நடுவே சுமார் 280 மைக்ரான் சந்து எஞ்சுகிறது. 2.5 மைக்ரான் துகளுக்கு அது தன்னைப்போல் நூறு மடங்குக்கும் மேல் அகலமான வாசல்! துணியைப் பல மடிப்பாக்கினால் புழுதி ஓரளவு குறையும். ஆனால் காற்றும் குறைந்துவிடும்.

உண்மையான வடிகட்டி, சல்லடையைப் போல் மட்டும் வேலை செய்வதில்லை. அதில் மிக மெல்லிய செயற்கை இழைகள், பாவும் ஊடையுமின்றி, பல அடுக்குகளாகத் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. காற்று அவ்விழைகளைச் சுற்றி வளைந்து வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. களத்தில் நெல்லைத் தூற்றும்போது காற்றோடு பதர் ஒதுங்குகிறது. கனத்த நெல் ஒதுங்க மாட்டாமல் காலடியிலேயே விழுகிறது. அதுபோலவே கனத்த துகள் காற்றோடு திரும்ப மாட்டாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய துகள்களோ நிலையின்றி அலைந்து அலைந்து இழையைத் தொட்டு நிற்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட துகள்களைப் பிடிப்பதற்காகச் சில வடிகட்டிகளின் இழைகளுக்கு மின்னேற்றம் அளித்திருக்கிறார்கள்.

வடிகட்டியை மடிப்பு மடிப்பாக அமைப்பதற்கும் காரணம் உண்டு. 20 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள தட்டையான தாளின் பரப்பு 400 சதுர செ.மீ. அதே சட்டத்தில் 2.5 செ.மீ. ஆழமுள்ள 25 மடிப்புகளை வைத்தால் பரப்பு 2,500 சதுர செ.மீ. ஆகிறது. பரப்பு ஆறு மடங்காவதால் காற்று மெதுவாக நுழைகிறது. விசிறிக்குத் தடையும் குறைகிறது.

வண்டிக்குள் காற்று வரும் வழி

முன்கண்ணாடிக்கு அடியில், பானட்டை ஒட்டி ஒரு கம்பிவலை அல்லது துளைகளிட்ட தகடு இருப்பதைக் காணலாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்ணாடியில் மோதி அங்கே அழுத்தம் மிகுவதால், வெளிக்காற்று அவ்வழியே எளிதாக உள்ளே இறங்குகிறது. பின்னர் ஒரு தகட்டுக் கதவைக் கடந்து புளோயர் விசிறியை அடைகிறது. ஏ.சி. உள்ள வண்டியில் குளிர்விக்கும் காயிலின் ஊடே சென்று நம் முகத்துக்கு வருகிறது. அத்தகட்டுக் கதவைத் திருப்பினால் வெளிக்காற்று நின்று, உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும்.

இது ஒருபுறமிருக்க, புழுதி வேறு வழியிலும் வருகிறது. பெட்டி போன்ற உருவமுள்ள வண்டி ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரங்கள் கிளப்பிய புழுதி அங்கே சுழன்று, பின்கதவின் சந்துகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. பின்னிருக்கையில் அமர்ந்தோர் இதை நன்கறிவர். முன்னால் எத்தகைய உயர்ந்த வடிகட்டியை வைத்தாலும் பின்கதவு வழியே வரும் புழுதியை அது தடுக்காது. தன் ஊடே செல்லும் காற்றை மட்டுமே வடிகட்டி சுத்தம் செய்யும் என்பதே இவ்விஷயத்தில் நினைவில் கொள்ள வேண்டிய முதன்மையான உண்மை.

முதல் வேலை: சந்துகளை அடைத்தல்

ஆகவே வடிகட்டி வாங்குமுன் கதவுகளைச் சோதித்தல் வேண்டும். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அவ்விடத்தில் ரப்பர் பீடிங் தேய்ந்துவிட்டது என்பது பொருள். இரவில் வண்டிக்குள் டார்ச் விளக்கை ஏற்றி, வெளியே நின்று பார்த்தாலும் சந்துகள் தெரியும். பின்கதவு பீடிங், தரையிலுள்ள துளைகளின் ரப்பர் மூடிகள், எஞ்சின் பக்கத்துத் தகட்டின் வழியே ஒயர்கள் நுழையும் துளைகள் ஆகியவற்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இதைச் செய்வதற்கும் முன்பாக, சைலன்சர் குழாயில் கசிவு உண்டா என்று ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துவிடுவது இன்றியமையாதது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு. அதை எந்தக் காற்று வடிகட்டியும் தடுக்காது. புகைக் கசிவுள்ள வண்டியை நன்றாக அடைத்துவிடுவது, ஆபத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும். பானட்டின் பின்விளிம்பு ரப்பர் கெட்டுப்போயிருந்தால் எஞ்சின் பக்கத்துப் புகை காற்றுத் துவாரத்தில் கலக்கும். அதையும் மாற்ற வேண்டும்.

வடிகட்டியைப் பொருத்தும் இடம்

சில வண்டிகளில் புளோயர் பெட்டியிலேயே வடிகட்டிக்கு இடம் விட்டு, வடிகட்டி வைக்காமல் பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது இடப்பக்கச் சாமான் பெட்டிக்குப் பின்புறம் இருக்கும். அத்தகைய வண்டியாயின் வேலை எளிது. மூடியைத் திறந்து, இடத்தை அளந்து, கடைகளில் கிடைக்கும் வேறொரு காரின் வடிகட்டியில் அளவொத்ததைச் செருகலாம்.

அவ்வாறு இடம் இல்லையெனில், தகட்டுக் கதவுக்கும் குளிர்விக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு சட்டம் அமைத்தல் வேண்டும். இவ்விடத்தில் வைத்தால் வெளிக்காற்று, உட்காற்று ஆகிய இரண்டும் வடிகட்டப்படும். காயிலிலும் அழுக்கு சேராது. அதற்கும் இடமில்லாதபோது, முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள துவாரத்தின் உட்புறத்தில் பொருத்தலாம். ஆனால் அங்கே மழைநீர் இறங்கும். நீர் வடியும் துளைகளை மறைக்காமலும், வடிகட்டி நனையாமலும் சட்டத்தை உயர்த்தி அமைக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். சட்டத்தின் நான்கு விளிம்புகளிலும் நுரை ரப்பர் பட்டை ஒட்டி, வடிகட்டியைச் சற்று அழுந்தச் செருகுதல் நலம். விளிம்பில் சந்து இருந்தால், எளிதான வழியையே நாடும் இயல்புடைய காற்று அதன் வழியே சென்றுவிடும். வடிகட்டியின் மேலுள்ள அம்புக்குறி காற்றுச் செல்லும் திசையைக் காட்டுவது. அதைத் தலைகீழாக வைக்கலாகாது.

மிக நுண்ணிய வடிகட்டியே சிறந்தது என்று எண்ணிவிடவும் கூடாது. மருத்துவமனைகளில் உபயோகிக்கும் ஹெப்பா வகை 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் பழைய வண்டியின் சிறு விசிறியால் அதனூடே போதிய காற்றைத் தள்ள முடிவதில்லை. காற்று குறைந்தால் விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் சூடேறும். குளிர்விக்கும் காயிலில் பனி உறையும். உள்ளழுத்தம் குறைந்து சந்துகள் வழியே புழுதி வரும். ஆதலின் சாதாரண மடிப்பு வடிகட்டியே பழைய வண்டிக்கு ஏற்றது.

ஓட்டும் முறையும் சோதனையும்

புழுதிப் பாதையில் கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றுக் கதவைத் திறந்து, விசிறியை வேகமாக ஓட விட வேண்டும். வடிகட்டிய காற்று உள்ளே நிறைந்து சந்துகள் வழியே வெளியேறும். வெளியேறும் காற்றை எதிர்த்துப் புழுதி நுழைவது அரிது. உட்காற்றுச் சுற்றில் வைத்தால் இவ்வழுத்தம் உண்டாகாது. மேலும், நெடுநேரம் அப்படியே சென்றால் நாம் வெளிவிடும் கரியமில வாயு சேர்ந்து ஓட்டுநருக்கு அயர்வு தோன்றும். புகை கக்கும் லாரியைக் கடக்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே அதனை வைத்துக்கொள்ளலாம்.

வேலை சரியாக முடிந்ததா என்று அறிய ஓர் ஊதுபத்தி போதும். நின்ற வண்டியில் ஒருவர் உள்ளே அமர்ந்து கண்ணாடிகளை ஏற்றி, விசிறியை முழுவேகத்தில் விடட்டும். வெளியே ஊதுபத்தியைக் கதவுச் சந்துகளின் அருகே காட்டினால் புகை வெளிப்புறமாக ஒதுங்க வேண்டும். உள்நோக்கி இழுக்கப்படுமாயின் மீண்டும் வடிகட்டியையும் விசிறியையும் ஆராய வேண்டும்.

பராமரிப்பு

நல்ல சாலைகளில் ஓடும் கார்களுக்குப் பெரும்பாலும் 15,000 கி.மீ. அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை வடிகட்டியை மாற்றச் சொல்கிறார்கள். மண்பாதை வண்டிக்கு இதில் பாதியையே கணக்காகக் கொள்ளலாம். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தட்டிவிடுவது நன்று. கழுவுவதற்கென்றே செய்யப்பட்டவை தவிர மற்றவற்றை நீரில் கழுவலாகாது. கழுவினால் மடிப்பு குலையும், இழைகளின் மின்னேற்றமும் அழியும்.

எதிர்பார்க்கக் கூடாதவை

கித்தான் கூரையும் திறந்த பக்கங்களும் உள்ள ஜீப்புக்கும், கூண்டில்லாத டிராக்டருக்கும் வடிகட்டியால் பயனில்லை. அங்கே ஓட்டுபவருக்கு முகத்தோடு நன்கு பொருந்தும் என்-95 முகக்கவசமே துணை. பூச்சிமருந்து தெளிக்கும்போதும் கார் வடிகட்டியை நம்புதல் ஆகாது. ஐரோப்பியத் தரவிதிகள் டிராக்டர் கூண்டுகளை நான்கு வகையாகப் பிரித்துள்ளன. அவற்றுள் தூசி, நுண்திவலை, ஆவி ஆகிய மூன்றையும் தடுப்பது நான்காம் வகை ஒன்றே. கரித்தூள் சேர்த்த கார் வடிகட்டி நாற்றத்தைக் குறைக்கும். நஞ்சைத் தடுக்கும் கருவியாக அதைக் கருதுவது அபாயகரமானது.

சங்கங்கள் செய்ய வேண்டுவது

வண்டிச் செலவுக்கான வரவு செலவுத் திட்டத்தில் எஞ்சின் ஆயிலுக்கும் எஞ்சின் வடிகட்டிக்கும் ஆண்டுதோறும் தொகை ஒதுக்குகிறோம். ஓட்டுநரின் மூச்சுக்காக ஒதுக்கும் தொகை அதனருகே ஒரு வரியாக இடம்பெறுவது பொருத்தமே. செலவில் பெரும்பகுதி ரப்பர் பீடிங்குக்கும் மெக்கானிக்கின் கூலிக்கும் ஆகும். வடிகட்டி அதில் சிறுபகுதியே. நிர்வாகக் குழு முதலில் சைலன்சரையும் கதவுகளையும் சீர்செய்யத் தீர்மானித்து, அது முடிந்தபின் வடிகட்டி வாங்கலாம். மாற்றிய தேதியையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் வண்டிப் பதிவேட்டில் குறித்துவந்தால், ஓட்டுநர் மாறினாலும் பராமரிப்பு தவறாது.

குழுவின் அங்கத்தினர்கள் அவ்வண்டியில் மாதத்துக்கு ஒருமுறை ஏறலாம். ஓட்டுநரோ நாள்தோறும் அதிலேயே இருக்கிறார். அவர் குழுக்கூட்டத்தில் அமர்ந்து தம் குறையைச் சொல்லும் நிலையிலும் இல்லை. சொல்லாதவரின் தேவையையும் எண்ணிப் பார்த்து ஆவன செய்வதே கூட்டுறவின் இயல்பு. அடுத்த கூட்டத்துக்கு முன்னர் அங்கத்தினர்கள் தங்கள் சங்க வண்டியின் பின்கதவில் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பார்ப்பார்களாக.