பதினோரு நாள் நினைவு

எங்கள் வாசல் கேமராவில் ஒரு சிலந்தி குடியிருக்கிறது. இருட்டியதும் கேமரா தன் இன்ஃப்ராரெட் விளக்கைப் போட்டுக்கொள்ள, அதைச் சுற்றிப் பூச்சி வருகிறது. பூச்சியைத் தேடிச் சிலந்தி வருகிறது. லென்ஸுக்கு ஒரு விரற்கடை முன்னால் அது இழுக்கும் நூல் திரையில் தேர்வடம்போலத் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கைபேசி அலறும், வாசலில் ஆள் நடமாட்டம் என்று. பதறி எழுந்து பார்த்தால் எட்டுக் கால். ஒட்டடைக்கோலால் கேமராவைத் துடைப்பதும் இப்போது எங்கள் வீட்டுக் காவலில் சேர்த்தி.

இதே வாசலில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் தாத்தா கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்திருப்பார். திருச்சி உறையூரில் எங்கள் தெருவில் அப்போது பாதி வீடுகளுக்குத் திண்ணை உண்டு. உள்ளே தாழ்ப்பாள், ஊருக்குப் போனால் திண்டுக்கல் பூட்டு. அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். அதற்குள் அதை மாட்டும் நாதாங்கியையே பல வீடுகளில் கழற்றியாகிவிட்டது. ஆனால் பூட்டை மட்டும் நம்பி யாரும் ஊருக்குப் போனதில்லை. எதிர்வீட்டுப் பாட்டியிடம், "ஒரு கண்ணு பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவோம்.

திரும்பி வந்து பையைக் கீழே வைப்பதற்குள் பாட்டி ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார். தபால்காரர் வந்தார், கடுதாசியை நான்தான் வாங்கி வைத்தேன். செவ்வாய்க்கிழமை உங்கள் சின்ன மாமனார் வந்து திரும்பிப் போனார். மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தன் ரெண்டு தடவை கேட்டைத் தட்டினான், ஆள் சரியில்லை. அந்தப் பத்து நாளில் தெருவில் போன மாடு, ஆடு, ஐஸ் வண்டி எதையும் பாட்டி சொல்ல மாட்டார். சொல்ல வேண்டியது எது என்பது அவருக்குத் தெரியும். இன்று கேமரா விற்பவர்கள் செயற்கை நுண்ணறிவு என்று தனியாகக் காசு வாங்குவது அந்த 'ஆள் சரியில்லை'க்குத்தான். அது சிலந்தியிடம் தோற்றுக்கொண்டிருக்கிறது.

ராத்திரிக்குக் கூர்க்கா. நேபாளத்திலிருந்து வந்தவர். விசில் ஊதிக்கொண்டு, மின்கம்பத்தைத் தடியால் 'டங்'கென்று தட்டிக்கொண்டு போவார். நான் வருகிறேன் என்று திருடனுக்கும் சொல்லிவிட்டு வரும் காவல் அது. சின்ன வயதில் எனக்கு அது கேலியாகப் பட்டது. இப்போது யோசித்தால், அந்தச் சத்தம் எங்களுக்காக. தூக்கத்தில் பாதி விழித்து, சரி, யாரோ முழித்திருக்கிறார் என்று புரண்டு படுப்போம். மாதம் பிறந்தால் ஒரு சலாம், கையில் ஒரு நோட்டு. ஐந்து ரூபாயில் தொடங்கி இருபது வரை போனது நினைவிருக்கிறது. எந்த மாதத்தோடு அவர் வராமல் போனார் என்பது நினைவில்லை.

2013இல் அப்பா கேமரா வாங்கினார். வாசல் கேட்டைச் சாத்தத் தெரியாத மனுஷருக்குக் கேமரா எதற்கு என்று அம்மா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு கேமரா, பதிவுக்கு ஒரு டிவிஆர் பெட்டி, அதற்குள் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கேமராக்காரர்கள் 'த்ரீ பிளஸ் ஒன்' என்று சொல்லும் வெள்ளை வயர் சுவரெல்லாம் ஓடியது. டிவியில் நாலு கட்டம். மங்கல்தான், ஒரு கட்டத்துக்கு 704க்கு 576 புள்ளி, பெருக்கிப்பார்த்தால் நாலு லட்சம் சொச்சம். ஆள் தெரியும், முகம் தெரியாது. அப்பாவுக்கு அது போதும். சீரியலுக்குப் பதிலாகச் சாயங்காலம் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று வருஷம் கழித்து வாசலில் நின்ற அவருடைய டிவிஎஸ் 50 போய்விட்டது. ஸ்டேஷனில் ஏட்டையா கேட்ட முதல் கேள்வியே, "கேமரா இருக்குல்ல?" அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து டிவிஆரைத் தேடினால், பெட்டி வந்த முதல் பதினோரு நாளோடு பதிவு நின்றிருந்தது. டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேல் எழுதும் வசதியை, பொருத்த வந்தவர் போடாமல் விட்டுவிட்டார். அதனால் நிறைந்த நாளோடு எழுதுவதை நிறுத்திக்கொண்டது. நேரலை மட்டும் மூன்று வருஷமாக ஜோராக ஓடியது. நாலு கட்டமும் தெரிகிறதே, பதிவும் ஆகும் என்று நினைத்துக்கொண்டோம். அப்பா அன்றைக்கே பெட்டியைப் பிடுங்கிப் பரணில் போட்டார். கேமராக்கள் மட்டும் சுவரில் திருஷ்டிப் பொம்மையாகத் தங்கின.

தப்பு அப்பாமேல் இல்லை. கேமரா வாங்குகிற எல்லோரும் கண்ணைத்தான் விலைபேசுகிறோம். எத்தனை மெகாபிக்சல், ராத்திரியில் கலர் தெரியுமா, சுற்றிச் சுற்றிப் பார்க்குமா. வயர், டிஸ்க் என்று வந்ததும், "எதையாவது போடுங்க தம்பி." களவு போன மறுநாள் கை கொடுப்பதோ இந்த 'எதையாவது'தான்.

போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது திருஷ்டிப் பொம்மைகளை இறக்கிவிட்டுப் புதிதாகப் போட்டோம். வந்த பையன் விவரமானவன். கேமரா பெயர் எதுவும் சொல்லவில்லை.

"எத்தனை நாள் வேணும் சார்?"

கணக்குப் போட்டோம். இன்றைய நாலு மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்தால், அது அரை மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி. ஆக ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43 ஜிபி, நாலுக்கு 173. இரண்டு டெராபைட் டிஸ்க் போட்டால் பதினொன்றரை நாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் மங்கல் கேமராக்கள் நொடிக்கு ஒரு மெகாபிட் அனுப்பி, 500 ஜிபியில் அதே பதினொன்றரை நாளைத்தான் வைத்திருந்தன. டிஸ்க் நாலு மடங்கு ஆனது, படம் ஒன்பது மடங்கு ஆனது, நாள் மட்டும் அப்படியே நிற்கிறது.

அதைக் கூட்டுவதற்கு ஒரு வழி எச்.265. அப்பா டிவிஆர் வாங்கிய அதே 2013இல் வந்த சுருக்குமுறை. ஏறக்குறைய பாதி அளவில் அதே படத்தைத் தரும். அதைப் போட்டு, டிஸ்கையும் நாலு டெராபைட் ஆக்கினால் நாற்பத்தாறு நாள். பெண் வீட்டுக்கு ஒரு மாதம் போய்விட்டு வந்து, முதல் வாரத்தில் என்ன நடந்தது என்று பார்க்க அது போதும். சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம் என்று பையன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். நாலு கேமரா முழு வேகத்தில் எழுதினால் வருஷத்துக்கு 63 டெராபைட். கம்ப்யூட்டர் டிஸ்குகளில் பலவற்றுக்குக் கம்பெனி சொல்லும் தாங்குதிறனே 55தான். கேமராவுக்கென்று செய்த சர்வைலன்ஸ் டிஸ்குக்கு 180. ஆயிரம் இரண்டாயிரம் கூட ஆகும், அதில் கஞ்சம் பார்க்கக் கூடாது.

வயர் வாங்கும்போது அவன் செய்த வேலையை இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடையில் இரண்டு பெட்டி, இரண்டிலும் 305 மீட்டர் கேட்-6 என்று போட்டிருந்தது. ஒன்று ஏறக்குறைய பாதி விலை. பையன் சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்து, விலை குறைந்த பெட்டியின் முனையில் ஒரு இழையைச் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "அலுமினியத்துக்குச் செம்பு முலாம் சார். தங்கம் பூசின தோடு மாதிரி." பெட்டியைத் தூக்கினாலே தெரியும், கனமே இருக்காது. இது ஏன் முக்கியம் என்றால், இப்போது கேமராவுக்குத் தனி கரண்ட் வயர் கிடையாது. பிஓஇ என்று, நெட் வயரிலேயே கரண்டும் போகிறது. 2003இல் வகுத்த முறை, ஒரு துளைக்கு 15.4 வாட், வயர் 100 மீட்டர் வரை போகலாம். அலுமினியத்தில் வழியிலேயே மின்னழுத்தம் இறங்கிவிடும். பகலில் தெரியாது. ராத்திரி விளக்கு எரிய ஆரம்பித்து இழுவை கூடியதும் கேமரா அணைந்து அணைந்து எரியும். வேண்டிய நேரத்தில் கண்மூடும் காவல்காரன்.

வைஃபை கேமரா பற்றிக் கேட்டேன். கரண்டுக்கு எப்படியும் வயர் இழுக்கணும், அதை நெட் வயராவே இழுத்துடலாமே என்றான். பேச்சு அங்கேயே முடிந்தது.

பதிவு செய்யும் என்விஆர் பெட்டியின் முதுகிலேயே நாலு பிஓஇ துளை இருப்பதாகப் பார்த்து எடுத்தோம். கேமராக்கள் அந்தப் பெட்டியோடு மட்டும் பேசும், வீட்டு ரவுட்டருக்கு நேரே போகாது. இந்த வேலி ஏன் வேண்டும் என்பதற்கு 2016 ஒரு பாடம். மிராய் என்ற நச்சுநிரல், 'அட்மின்' போன்ற பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கத் தேடிப் பிடித்துப் படை திரட்டியது. அந்த வருஷம் அக்டோபர் 21 அன்று அந்தப் படை டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் பாய, அங்கே பல பேருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திறக்கவில்லை. பால்காரரைப் பார்ப்பதற்காக மாட்டிய கேமரா எவனுக்கோ அடியாளாகப் போனது. நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் 9 முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறாத கேமராவை விற்கக் கூடாது என்ற விதி நடப்புக்கு வந்திருக்கிறது. விதி வந்தாலும் பாஸ்வேர்டை நாம்தான் மாற்ற வேண்டும். எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீட்டில் 'அட்மின்'தான். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்று அரை நாள் பேசினோம். டிவிக்குக் கீழே வைத்தால் திருடன் படத்தையும் சேர்த்துத் தூக்கிப்போவான். பரண் என்றால் சித்திரை வெயிலில் டிஸ்க் வெந்துவிடும். கடைசியில் மாடிப்படிக்கு அடியில், துடைப்பமும் இட்லிக் குண்டானும் இருக்கும் மரக் கதவுக்குப் பின்னால் காற்றுப்போகத் துளையிட்டு வைத்தோம், பக்கத்தில் ஒரு சின்ன யுபிஎஸ். பெட்டியே போனாலும் இருக்கட்டும் என்று வாசல் கேமராவுக்குள் மட்டும் ஒரு மெமரி கார்டு.

பெட்டியின் கடிகாரத்தை அவன் இணையத்தோடு இணைத்துவிட்டுப் போனான். பலரும் அதைக் கவனிப்பதில்லை, பதிவு கோர்ட்டுக்குப் போனால்தான் நேரத்தின் அருமை தெரியும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, பதிவைக் கோர்ட்டுக்குக் கொடுக்கும்போது கூடவே தரும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண் அது. நாமோ டிவித் திரையைக் கைபேசியில் படம்பிடித்து, பின்னணியில் குக்கர் விசிலோடு, வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்வீட்டில் இப்போது பாட்டியின் பேத்தி. எங்கள் வாசல் கேமராவில் அவர்கள் சமையலறை ஜன்னல் விழுந்தது. அந்த இடத்தைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருக்கிறோம். பாட்டி எங்கள் வீட்டைப் பார்த்தபோது, அவர் பார்க்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும், நாங்களும் அவரைப் பார்ப்போம். இந்தக் கட்டத்தைப் போட்டிருப்பதையும் பேத்தியிடம் வாயால் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப இத்தனை நாளா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

வேலை முடிந்த அன்று, பரணிலிருந்து இறங்கிய பழைய டிவிஆரைப் பையன் தூசி தட்டி ஓட்டிப் பார்த்தான். டிஸ்க் நல்லாயிருக்கு சார், அழிச்சிட்டு வேற எதுக்காவது வெச்சுக்கலாம் என்றான். திரையில் நாலு மங்கல் கட்டம். நாள், நேரம் எதையும் அன்று யாரும் சரிசெய்யாததால் மூலையில் 2000 ஜனவரி என்று ஓடியது. வாசல் கட்டத்தில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பால் பாக்கெட்டோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் போய் ஐந்து வருஷம் ஆகிறது. பழையதை அழித்து எழுதும் வசதி சரியாக இருந்திருந்தால், பன்னிரண்டாம் நாளே இது போயிருக்கும்.

அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"ரெண்டாயிரத்துல ஏதுடா நமக்குக் கேமரா?"

தேதி தப்பும்மா, பதிமூணுதான் என்றேன். காதில் விழவில்லை. அப்பா கட்டத்தைத் தாண்டி வீட்டுக்குள் போகும் வரை பார்த்தார். வாசல் காலியானது. அதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டைச் சாத்தாம உள்ள வர்றாரு பாரு" என்றார்.