1953 ஈரான் ஆட்சிக்கவிழ்ப்பு: கலைக்களஞ்சியம் காட்டவேண்டிய நடுநிலை

ஈரான் பிரதமர் மொசாதெக் 1953 ஆகஸ்ட் 19 அன்று கவிழ்க்கப்பட்டார். 1951இல் நடந்த எண்ணெய் நாட்டுடைமையாக்கத்தை முன்னின்று நடத்தியவர் அவர். பிரிட்டனின் உளவு அமைப்பான எம்ஐ6உம் அமெரிக்காவின் உளவு அமைப்பான சிஐஏவும் அவரை வீழ்த்த இரகசியமாகத் திட்டமிட்டன. இதைத் தயங்காமல் உண்மையென்றே எழுதலாம். தன் பங்கை சிஐஏவே ஒப்புக்கொள்ளும் ஆவணம் 2013இல் வெளியாகிவிட்டது. நடுநிலையின் பெயரால் இதை 'குற்றச்சாட்டு' என்று மழுப்புவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

சர்ச்சை வேறிடத்தில் இருக்கிறது. முதல் கவிழ்ப்பு முயற்சி தோற்று, மன்னர் ஷா நாட்டைவிட்டே ஓடினார். சில நாட்களில் நிலைமை தலைகீழாகி மொசாதெக் வீழ்ந்தார். அப்போது டெஹ்ரான் தெருக்களில் திரண்ட கூட்டம் உளவுப் பணத்தால் வந்ததா, மொசாதெக்மீது கசந்திருந்த மதகுருக்களும் படை அதிகாரிகளும் திரட்டியதா? ஆய்வாளர்கள் இன்னும் பிரிந்தே நிற்கிறார்கள். இந்த இடத்தில் ஒவ்வொரு கருத்தையும் சொன்னவர் பெயரோடும் சான்றோடும் தரவேண்டும்.