வீடியோ விளையாட்டு: திறமையா, வாய்ப்பா?

பெங்களூர் நகரில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வழங்கிக் கட்டுப்படுத்துவதற்கென 1989-ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறந்தது. கர்நாடகப் போலீஸ் சட்டத்தின்கீழ் எழுந்த அவ்வாணை வீடியோ விளையாட்டுக் கூடங்களையும் கட்டுப்படுத்துமா என்று வழக்கு மூண்டது. இவை ஆடுவோரின் திறமையால் நடைபெறுபவை, ஆதலின் ஆணைக்கு உட்பட்டவை அல்ல என்று கூடம் நடத்தியோர் வாதிட்டனர். உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு 1995-இல் முடிவுற்றது. தீர்ப்பின் கருத்து விளங்க வேண்டுமாயின், இவ்வியந்திரங்களை எவ்வாறு ஆடினர் என்பதை முதலில் அறிதல் நலம்.

பெரும் வணிக வெற்றி கண்ட முதல் வீடியோ விளையாட்டு, 1972-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்' ஆகும். மேசை டென்னிஸ் ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்ததே அது. இரு புறமும் இரு கோடுகள், நடுவே ஓடும் ஒரு புள்ளி, இவ்வளவே காட்சி. குமிழைத் திருப்பினால் கோடு மேலும் கீழும் நகரும். கோட்டின் எப்பகுதியில் புள்ளி படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறும். ஆட்டம் நீள நீள வேகமும் கூடும். எதிராளி மற்றொரு மனிதனே. எனவே இதில் திறமையைப் பற்றி ஐயம் எழவில்லை.

1978-இல் ஜப்பானிய நிறுவனமான தைட்டோ வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வேறு வகையினது. தோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் வகுத்த இவ்வாட்டத்தில் எதிராளி இயந்திரமே. ஐந்து வரிசைகளில் 55 பகையுருவங்கள் அணிவகுத்து இறங்கி வரும். ஆடுபவர் கீழே தம் பீரங்கியை இடமும் வலமும் நகர்த்தி அவற்றைச் சுட வேண்டும். பகைவர் குறையக் குறைய எஞ்சியோரின் நடை விரைவாகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் அக்காலக் கணிப்பொறிச் சில்லு விரைந்து வேலை செய்தது. இயந்திரத்தின் இக்குறையே ஆட்டத்தின் சுவையாயிற்று.

இடையிடையே திரையின் மேற்புறம் மர்மக் கப்பல் ஒன்று கடந்து செல்லும். அதைச் சுட்டால் சில வேளை 50 புள்ளி, சில வேளை 300. ஆடியோர் பலர் இதனை அதிர்ஷ்டம் என்றே எண்ணினர். உண்மை அதுவன்று. இயந்திரம் ஆடுபவரின் குண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அணிவகுப்பிலும் 23-ஆவது குண்டும், அதன் பின் ஒவ்வொரு 15-ஆவது குண்டும் கப்பலில் பட்டால் 300 புள்ளி. இதனைக் கண்டறிந்தவர்கள் குண்டுகளை மனத்துள் எண்ணியபடியே ஆடினார்கள். அறியாதவனுக்கு வாய்ப்பாகத் தோன்றியது அறிந்தவனுக்குக் கணக்காயிற்று.

1980-இல் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவாதானி உருவாக்கிய 'பேக்-மேன்' ஆட்டத்திலும் இதே நிலைதான். பாதை மாறிமாறிச் செல்லும் ஒரு வலைக்கூட்டில் 244 புள்ளிகளைத் தின்று முடிக்க வேண்டும். நான்கு பேய்கள் துரத்தும். அவை கண்டபடி ஓடுவனபோல் தோன்றினும் ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. சிவப்புப் பேய் நாம் நிற்கும் இடத்தை நோக்கி வரும். இளஞ்சிவப்புப் பேய் நமக்கு முன்னால் நான்கு கட்டம் தள்ளி வழிமறிக்கப் பார்க்கும். செம்மஞ்சள் பேய் நெருங்கி வந்தபின் தயங்கித் தன் மூலைக்கே திரும்பும். ஒரே வழியில் பிசகாது சென்றால் பேய்களும் ஒரே வழியில் வரும். ஆகவே மனனம் செய்தே ஆட முடிந்தது. ஒரு பிழையும் இன்றி ஆடினால் கிட்டும் உச்ச எண் 33,33,360. 256-ஆவது கட்டத்தில் எண்ணிக்கை வரம்பைக் கடந்து, திரையின் பாதி சிதைந்துவிடும்.

நம் வீட்டுத் திண்ணைகளில் ஆடிய ஆட்டங்களில் பல்லாங்குழி முழுதும் கணக்கு. தாயத்திலோ உருட்டலில் விழும் எண் வாய்ப்பு. எக்காயை நகர்த்துவது என்பது அறிவு. 'ஆட்டம்' என்னும் தமிழ்ச் சொல்லும் பந்தாட்டத்துக்கும் சூதாட்டத்துக்கும் பாகுபாடின்றி இடம் தருகிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு இதனால் நேரும் சங்கடம் சிறிதன்று. வீடியோ ஆட்டம் என்ற பெயரும் அத்தகையதே. புள்ளி மட்டும் தரும் இயந்திரமும், பணயம் வைத்துப் பொத்தானை அழுத்தும் இயந்திரமும் அப்பெயரில் ஒன்றாகவே அடங்கின.

ஆயினும் நீதிமன்றம் வேறொரு நுட்பத்தைக் கண்டது. தாயக்கட்டையை எவரும் கையில் எடுத்துப் பார்க்கலாம். இயந்திரத்தின் உள்ளே ஆடுபவர் பார்க்க இயலாது. உடையவர் அதனைத் திருத்தி வைத்தால், தேர்ந்த ஆட்டக்காரருக்கும் வெற்றி வாய்ப்பு இல்லாமற் போகும் என்று தீர்ப்பு கூறியது. வீடியோ ஆட்டங்கள் ஆணைக்கு உட்பட்டவையே. உரிமம் கோருவது செல்லும் என்றும் முடிந்தது. புள்ளியாட்டங்களில் விளைந்த திறமையை அத்தீர்ப்பு உரிய அளவு மதிக்கவில்லை என்பது என் எண்ணம். ஆனால் பூட்டிய பெட்டியைப் பற்றிய ஐயத்தைக் குறை கூறுவதற்கில்லை. பேக்-மேன் பெட்டியின் உள்ளேயே சிறு விசைகள் உள. ஒரு காசுக்கு ஓர் உயிரா, மூன்றா, ஐந்தா என்பதை உடையவரே அவற்றால் அமைத்துக்கொள்ளலாம்.

2021-இல் கர்நாடகம் தன் போலீஸ் சட்டத்தைத் திருத்தி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க முயன்றது. திறமை ஆட்டங்களையும் சேர்த்துத் தடுத்த பகுதிகளை மாநில உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் செல்லாதெனக் கூறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ அக்கேள்வியையே ஒதுக்கிவிட்டது. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதாயின், திறமையாயினும் வாய்ப்பாயினும் அச்சட்டத்துக்கு ஒன்றே.