பழகுநர் கண்ணில் பயிற்சி

தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர் பிரிவில் சேர்ந்த என் பழைய மாணவர் ஒருவர், முதல் மாதத்திலேயே என்னைத் தேடி வந்தார். உள்ளங்கை முழுதும் கொப்புளங்கள். "நாள்முழுதும் இரும்புத் துண்டை அராவச் சொல்கிறார்கள், ஐயா. இயந்திரத்தின் அருகில்கூட விடுவதில்லை" என்றார். இரண்டாண்டுகள் கழித்து ஒரு தொழிற்சாலையில் தொழிற்பழகுநராகச் சேர்ந்தபின் மீண்டும் வந்தார். தேநீர் வாங்கி வருவதிலும் பெட்டிகளை அடுக்குவதிலும் நாள்கள் கழிந்தன. உதவித்தொகை தவறாமல் கிடைத்ததால் குறையொன்றும் இல்லை என்றார்.

பயிற்சியின் தரத்தை அவர் இருமுறையும் தவறாகவே மதிப்பிட்டார். அராவிய பரப்பின் மீது மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால், இடையில் ஒளி கசியக் கூடாது. அந்நிலையை எட்டும்வரை அரத்தை எங்கே அழுத்துவது, எங்கே தளர்த்துவது என்பதைக் கை கற்றுக்கொண்டே இருக்கும். கொப்புளத்தைக் கண்டவருக்கு அந்தக் கல்வி தென்படவில்லை.

அப்படியாயின் பழகுநரின் கருத்துக்கு மதிப்பில்லையா? உண்டு, கேட்கும் வினாதான் மாற வேண்டும். "நிறைவாக உள்ளதா?" என்பதைவிட, "நேற்று என்ன செய்தாய்? உன் பிழையை யார் சுட்டிக்காட்டினார்?" என்பது பயன்தரும். செருமனியில் பழகுநர்கள் வாரத்தின் பெரும்பகுதியைப் பணியிடத்திலும் எஞ்சிய நாள்களைத் தொழிற்பள்ளியிலும் கழிக்கின்றனர். பயிற்சியின் நோக்கத்திற்கு உதவும் வேலைகளையே அவர்களுக்குத் தரவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அன்றாடம் கற்றதை அவர்கள் குறிப்பேட்டில் எழுத, பயிற்றுநர் அதனைப் பார்வையிடுகிறார். தொடர்பற்ற வேலை, மிகைநேரப் பணி ஆகியவை குறித்து அங்குள்ள தொழிற்சங்கக் கூட்டமைப்பின் இளைஞர் பிரிவு பழகுநர்களிடமே கேட்டு, 2006 முதல் அறிக்கை வெளியிட்டு வருகிறது.

நம் நாட்டின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டமும் பழகுநரைத் தொழிலாளராகக் கருதாமல் பயிற்சி பெறுபவராகவே கொள்கிறது; பயிற்சியின் முன்னேற்றத்தைப் பதிவு செய்யும் பொறுப்பை நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. ஆனால், அருகில் நின்று எவரேனும் கற்பித்தாரா என்பதைப் பழகுநரே அறிவார்.

என் மாணவரிடமும் ஒரு குறிப்பேடு எழுதச் சொன்னேன். மூன்று வாரங்களில், வேலை செய்த பதினெட்டு நாள்களுள் இரண்டு நாள்களில் மட்டுமே தொழில் தொடர்பான செய்தி இருந்தது. அதைக் கண்டு அவரே திகைத்தார். மிகுந்த தயக்கத்துடன்தான் பயிற்சி அலுவலரிடம் காட்டினார். அடுத்த வாரம் அவரை இயந்திரப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே முதல் நாளில் அவர் கையில் கொடுக்கப்பட்டது ஓர் அரம்.