பில் இல்லாத பிராசஸர்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் டெஸ்க்டாப் பாகங்கள் வாங்க வருகிறவர்களில் பலருக்கு ஒரே குழப்பம்: இப்போது கிடைக்கிற பிராசஸரை வாங்குவதா, அடுத்த தலைமுறை வரட்டும் என்று பொறுப்பதா? இன்னும் வெளிவராத சில்லின் வேகம் வரை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். ஆனால் கடைக்காரர் "பில் போட்டா 18 பர்சென்ட் கூடும் சார்" என்றதும், கையால் கிறுக்கிய எஸ்டிமேட் சீட்டோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். எந்தத் தலைமுறை என்பதில் தவறினால் கொஞ்சம் வேகம்தான் போகும். பில்லில் தவறினால் முழுப் பணமும் போகும்.

இதற்கு ஆதாரம் இன்டெல்லே கொடுத்திருக்கிறது. 2022, 2023 அக்டோபர்களில் வந்த அதன் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகளில், குறிப்பாக விலை உயர்ந்தவற்றில், கேம்களும் மென்பொருள்களும் காரணமில்லாமல் நின்றுபோயின. சில்லு தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கித் தன்னையே கெடுத்துக்கொள்கிறது என்பது 2024 ஜூலையில்தான் தெளிவானது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்கள் வந்தன. அவை பயாஸ் அப்டேட் வழியாக ஏற்றப்பட்டால்தான் வேலை செய்யும். ஏற்கெனவே கெட்ட சில்லை அவை சரிசெய்யாது. இன்டெல் மூன்றாண்டு வாரண்டியை ஐந்தாக நீட்டியது. ஆனால், பெட்டியோடு வாங்கியவர்தான் நேராக இன்டெல்லிடம் போகலாம். பெட்டியில்லாத 'ட்ரே பீஸ்' வாங்கியவர் விற்றவரிடமே திரும்ப வேண்டும். பில் இல்லையென்றால் 'விற்றவர்' என்று யாரைக் காட்டுவது? ஏஎம்டி பக்கமும் பத்தரைமாற்றுத் தங்கம் இல்லை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசையின் சில எக்ஸ்3டி சில்லுகள் கருகிய பிறகே, பயாஸில் மின்னழுத்தத்துக்கு வரம்பு போட்டார்கள்.

ஆகவே புதிய தலைமுறை வந்த முதல் வாரங்களில் ஓடிப்போய் வாங்காதீர்கள். குறைகள் வெளிவர மாதங்கள் ஆகும். அதற்காக வராததற்குக் காத்திருப்பதும் சரியல்ல. பொறுத்தால் விலை இறங்கும் என்பார்கள். பிராசஸருக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் 2025 இறுதியில் டிடிஆர்5 ராம் விலை ஏறிய வேகத்தில், பிராசஸரில் மிச்சம் பிடித்ததை ராம் விழுங்கிவிட்டது. உண்மையில் பார்க்க வேண்டியது மதர்போர்டில் பிராசஸர் பொருந்தும் சாக்கெட். 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அந்தச் சாக்கெட் உள்ள மதர்போர்டு இருந்தால் சில்லை மட்டும் பிறகு மாற்றலாம். இன்டெல்லில் 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200எஸ் வந்தபோது மதர்போர்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

கடையில் செய்ய வேண்டியது இதுதான். சீல் உடையாத பெட்டியைக் கேளுங்கள். இன்டெல் பெட்டியின் லேபிளில் எஃப்பிஓ என்ற தொகுதி எண்ணும் ஏடிபிஓ என்ற வரிசை எண்ணும் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன், கடையில் நின்றபடியே அவற்றை இன்டெல்லின் வாரண்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். மாடல் பெயர், வரிசை எண், கடையின் ஜிஎஸ்டி எண், தேதி நான்கும் உள்ள பில் வாங்குங்கள். 'பிராசஸர் - 1' என்று மட்டும் எழுதிய பில் வாரண்டிக்கு உதவாது. 18 சதவீதம் மிச்சம் என்ற ஆசையில் எஸ்டிமேட் சீட்டை வாங்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், வாங்காதீர்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அட்டையைப் பார்த்து மிரள வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகமே. முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், ஸ்பீடு போஸ்டில். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். ஆனால் அங்கே புகார் பதிவதை வழக்குப் போட்டதாக நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அவர்கள் சமரசம் பேசுவார்கள். உத்தரவு போட அதிகாரமில்லை. வழக்குக்கான இரண்டாண்டு கெடு அதற்காக நிற்காது. வழக்கு போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால், டெல்லி கடையிலிருந்து ஆன்லைனில் வாங்கியவரும் பெங்களூரிலேயே வழக்காடலாம். மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டுமானால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கெடுவை யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்பது வேறு கதை.

வரிச் சலுகைக்காகக் கம்பெனி ஜிஎஸ்டி எண்ணில் பில் போடுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சுயதொழிலில் பிழைக்கத் தானே பயன்படுத்த வாங்கியவருக்கு விலக்கு உண்டு. அதை மனுவில் தெளிவாக எழுத வேண்டும். ஏற்கெனவே எஸ்டிமேட் சீட்டோடு நிற்பவர்கள் யுபிஐ ரசீதையும் கடைக்காரருடனான வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் பத்திரப்படுத்தி, பில் கேட்டு இன்றே எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் அதுவும் உங்கள் மனுவில் ஒரு குற்றச்சாட்டு.