சல்லிப் பாதையும் சைக்கிளும்

தமிழிலே சல்லி என்னும் சொல்லுக்குப் பொருள் பல. வீதியிற் பரப்பும் உடைகல்லுக்குச் சல்லி என்று பெயர். மிகச் சிறிய காசும் சல்லியே. இலங்கைப் பேச்சு வழக்கிலோ பணம் முழுவதற்கும் அதுவே பெயராகிவிட்டது. திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்த மீனவக் கிராமம் ஒன்றின் பெயரும் சல்லிதான். அங்கு எழுந்தருளியிருக்கும் முத்துமாரியம்மனால் அவ்வூரின் பெயர் மாவட்டம் எங்கும் அறியப்பட்டது. பெயர்க் காரணத்தை ஆராய்வது இப்பேச்சின் நோக்கமன்று. அத்தகைய கரையோர ஊர்களின் மணலும் கிரவலும் கலந்த பாதைகளுக்கும், இன்று இங்கிலாந்து நாட்டுப்புறத்திலே மக்கள் பொருளும் பொழுதும் செலவிட்டுத் தேடிச் செல்லும் பாதைகளுக்கும் இடையேயுள்ள உறவும் வேற்றுமையுமே இங்கு விளக்கப்படுவன.

மேலைநாடுகளிற் ‘கிரவல் சைக்கிளோட்டம்’ என்று ஒரு பொழுதுபோக்கு இந்த நூற்றாண்டிற் பெரிதும் பரவியிருக்கிறது. தார் வீதியை விட்டு, கல்லும் மண்ணும் கலந்த கிராமப் பாதைகளிலே நெடுந்தூரம் மிதித்துச் செல்வதே அது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா நகரில் 2006ஆம் ஆண்டில் இருநூறு மைல் போட்டி ஒன்று தொடங்கியது. 2022ஆம் ஆண்டில் இத்தாலியின் வெனெத்தோ மாகாணத்தில் இதற்கென முதலாவது உலகப் போட்டியே நடைபெற்றது. ஆயினும் இதனைப் புதுமை என்று கொள்வதற்கில்லை. 1955ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஹெரபோர்ட்ஷயர் பகுதியிலுள்ள லெம்ஸ்டர் என்னும் சிற்றூரின் விடுதி ஒன்றிற் கூடிய சைக்கிளோட்டிகள் சிலர், கரடுமுரடான பாதைகளை விரும்புவோர்க்கென ஒரு சங்கத்தை நிறுவினர். மோட்டார் வண்டிகள் வீதிகளைக் கைப்பற்றிக்கொண்டமையால் அமைதியை நாடி மலைப்பாதைகளுக்குச் சென்றவர் அவர்.

இனி, சைக்கிளின் வரலாற்றில் ஒரு வேடிக்கையைக் காணலாம். 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜோன் பொய்ட் டன்லொப் காற்றடைத்த ரயரைச் செய்து உரிமம் பெற்றார். அக்காலத்து இங்கிலாந்தின் வீதிகள் தார் காணாதவை. தாருடன் கல்லைக் கலந்து பரப்பும் ‘தார்மக்’ முறைக்கு உரிமம் எடுக்கப்பட்டது 1902ஆம் ஆண்டிலேதான். ஆகவே ஆங்கிலேயர் வடிவமைத்த துவிச்சக்கரவண்டி குண்டும் குழியுமான மண்வீதியைக் கருதியே அமைந்தது. நீண்ட சட்டம், சாய்ந்த முன்கவை, அகன்ற ரயர் ஆகிய மூன்றும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கு வைத்தவை. அவ்வண்டியே கடல் கடந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. இங்கிலாந்து தன் வீதிகளுக்குத் தார் பூசி முடித்தபின், மெல்லிய ரயர் கொண்ட விரைவு வண்டிகளை நாடியது. கீழைநாட்டுக் கிராமமோ பழைய வண்டியை விடவில்லை. ரலி, ஹம்பர் வண்டிகளுக்குப் பின் உள்நாட்டு லுமாலாவும் அதே வடிவிற் செய்யப்பட்டது. அந்த உயர்ந்த வண்டியின் ரயர் இருபத்தெட்டு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். அதாவது ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் அகலம். இன்று பெருவிலை கொடுத்து வாங்கும் கிரவல் சைக்கிள்களில் மிகுதியாகப் பூட்டப்படும் ரயரின் அகலமும் அதுவே! எடை, பல்லிணைப்பு, தடுப்பு ஆகியவற்றிற் புதிய வண்டி மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் மண்பாதைக்கு எவ்வளவு அகலமான ரயர் வேண்டும் என்னும் கேள்விக்கு, மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் நெடுங்காலமாகவே விடை அறிந்திருந்தார்.

அந்த விடைக்குள் இருக்கும் கணக்கு எளிது. ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு, அதன்மேலுள்ள சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தாற் கிடைக்கும் அளவுக்கு ஏறக்குறையச் சமம். மீன்பெட்டியும் ஆளுமாகப் பின்சில்லின்மேல் 80 கிலோ சுமை இருக்கிறது என்று கொள்வோம். சதுர சென்றிமீற்றருக்கு 4 கிலோ என்ற அழுத்தத்திற் காற்றடித்தால், ரயர் நிலத்தைத் தொடுவது 20 சதுர சென்றிமீற்றர் மாத்திரமே. அழுத்தத்தை 2 கிலோவாகக் குறைத்தால் அது 40 ஆகிறது. சுமை இருமடங்கு பரப்பிற் பரவுவதால் ரயர் மணலிற் புதைவது குறையும். கிரவலிலே சிறுகற்களின் மேல் துள்ளாமல் அவற்றை உள்வாங்கி உருளும். அளவுக்கு மீறிக் காற்றைக் குறைத்தாலோ, கல்லுக்கும் சில்லின் வளையத்துக்கும் இடையே ரியூப் நசுங்கி இரண்டு பொத்தல்கள் அருகருகே விழும். தார் வீதிக்கு வந்ததும் காற்றை மீண்டும் அடித்துக்கொள்ளாதவனுக்கு வண்டி சுமையாகத் தோன்றும். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்றை எதிர்த்து மேற்கு நோக்கி மிதிப்பவனுக்கு இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டியதில்லை.

பாதையின் இயல்பும் அறியத்தக்கது. வீதிக்குச் சிறுகல் பரப்பும் கலையை ஒழுங்குபடுத்தியவர் ஸ்கொத்லாந்தில் பிறந்த ஜோன் மக்கடம். 1816ஆம் ஆண்டிற் பிரிஸ்ரல் நகர்ப்புற வீதிகளின் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்ற அவர், பெரும்பாறைகளை அடியில் அடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டார். சுமையைத் தாங்குவது கல் அன்று, கல்லுக்கு அடியிலுள்ள உலர்ந்த மண்ணே என்பது அவர் கொள்கை. மண்ணை உலர்ந்த நிலையில் வைத்திருக்கும் கூரையே மேலே பரப்பிய கல். ஆகையால் ஆறு அவுன்சுக்கு மேற்பட்ட கல்லை அவர் அனுமதிக்கவில்லை. கிரவல் வீதிக்கும் இதுவே அடிப்படை. நல்ல கிரவல் என்பது வெறுங்கல்லும் அன்று, வெறுமண்ணும் அன்று; கல் பாரத்தைத் தாங்க, மணல் இடைவெளியை நிரப்ப, சிறிதளவு களி இரண்டையும் பிணைக்கிறது. களி மிகுந்தால் மாரியில் வழுக்கும். குறைந்தால் கோடையிற் கல் உதிர்ந்து புழுதி பறக்கும்.

தண்ணீர் வழிந்தோடுவதற்காக வீதியின் நடுவை உயர்த்திக் கட்டுவர். தார் வீதிக்கு மீற்றருக்கு 2 அல்லது 3 சென்றிமீற்றர் சரிவு போதும். கிரவலுக்கு 4 முதல் 6 சென்றிமீற்றர் வேண்டும். திருகோணமலைப் பக்கத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காற்றோடு கொட்டித் தீர்ப்பதால், சரிவு கெட்ட பாதை ஒரே மாரியிற் குளமாகிவிடும். கிரவல் வீதிகளிற் குறுக்கே அலையலையாகத் தோன்றும் வரிமேடுகளும் மழையினால் மட்டும் உண்டானவை அல்ல. ஒரு குறித்த வேகத்துக்கு மேற் செல்லும் சில்லே அவற்றை உண்டாக்குகிறது என்பதை 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. மோட்டார் வண்டி போட்ட வரிகளிற் சைக்கிள்காரனின் எலும்பு குலுங்குகிறது.

இவ்வளவில் நோக்கினால், சல்லிப் பகுதியிலே வண்டி உண்டு, பாதை உண்டு, பழக்கமும் உண்டு. உள்நாட்டுப் பக்கம் ஏழு கிணறுகள் கொண்ட கன்னியா வெந்நீரூற்றும், பெரியகுளத்தருகே தமிழர் நாதனார் கோயில் என்று வழங்கும் வெல்கம் விகாரையும் உள. இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்ற அப்பௌத்தப் பள்ளிக்குச் சோழர் காலத்தில் வழங்கிய கொடைகளைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. இங்கிலாந்தில் இத்தகைய இடங்கள் அடுத்தடுத்து இருந்திருப்பின் அவற்றை இணைத்து ஒரு சைக்கிள் தடம் வகுத்திருப்பர். ஏன் அவ்வாறு வகுக்க அவர்களால் இயல்கிறது? அவர்களிடம் உள்ளது நல்ல கல்லோ நல்ல வண்டியோ அன்று. எழுதி வைத்த வழியுரிமை அவர்களிடம் உண்டு.

இங்கிலாந்தின் நாட்டுப்புற நிலம் பெரும்பாலும் தனியார் சொத்து. ஆயினும் அந்நிலங்களின் ஊடாகப் பொதுமக்கள் செல்லும் வழிகள் ஏறத்தாழ 1,88,000 கிலோமீற்றர் நீளத்துக்கு உள. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இவ்வழிகளை அளந்து படத்திற் குறித்து வைக்கும் கடமையை மாவட்ட மன்றங்களுக்கு விதித்தது. நடைபாதைக்கு மஞ்சள் அம்பு, குதிரைப்பாதைக்கு நீல அம்பு என்று கம்பங்களில் அடையாளமும் உண்டு. சைக்கிளுக்கோ நெடுங்காலம் இவற்றில் இடம் இல்லை. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டமே குதிரைப்பாதையிற் சைக்கிள் செல்லலாம் என்று அனுமதித்தது; நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. குதிரைப்பாதைகள் ஏறத்தாழ 32,000 கிலோமீற்றரே. பிற பழவழிகளையும் சேர்த்தாலும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டதே சைக்கிளுக்குத் திறந்தது. தெற்குக் கரையை ஒட்டிய சுண்ணக் குன்றுகளின் முதுகிலே, வின்செஸ்ரர் முதல் ஈஸ்ற்போண் வரை 160 கிலோமீற்றர் செல்லும் ‘சவுத் டவுன்ஸ்’ பாதை 1972ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மழை பெய்தால் அதன் சுண்ணம் சவர்க்காரமாய் வழுக்கும். தீக்கல் துண்டுகள் ரயரைக் கிழிக்கும். ஆயினும் அந்த வழியைப் பூட்டி வைக்க எந்தப் பண்ணைக்காரருக்கும் உரிமை இல்லை.

இப்பாதைகள் பொதுவழியானமைக்குக் காரணம் மக்களின் காலடியே. இருபது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு நடந்துவந்த பாதையை உரிமையாளர் பொதுவுக்கு விட்டதாகக் கொள்ளவேண்டும் என்று 1932ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவ்விதி இன்றும் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் நிலைத்திருக்கிறது.

இலங்கையிலும் இதை ஒத்த ஒரு விதி உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் நிலத்தினூடாகப் பத்து ஆண்டுகள் இடைவிடாது உரிமையோடு சென்று வந்தவர் அவ்வழிக்கு உரிமை கோரலாம். ஆனால் அரச காணிக்கு எதிராக அது செல்லாது. மேலும், உரிமை கோரும் வழி ஒரே இடத்தில் தெளிவாக அமைந்த தடமாயிருத்தல் வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் வற்புறுத்தி வந்திருக்கின்றன. கரையோர ஊருக்கு இடர் இங்கேதான். கிரவற்பாதை தன் இடத்தில் நிற்கும், மணற்பாதை நில்லாது. ஒவ்வொரு வாடைக்கும் மணல் இடம் பெயர, ஒழுங்கையும் நாலு முழம் விலகிவிடும். 2004ஆம் ஆண்டு மார்கழியில் வந்த ஆழிப்பேரலை கரையோர ஊர்களின் வேலிகளையும் எல்லைக் கற்களையுமே வாரிக்கொண்டு போயிற்று. போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளில் நடப்பவர் இன்றிப் பல தடங்கள் பற்றைக்காடாயின. 1983 முதல் 2009 வரை அவ்வாறு தம் காணியை விட்டு நிற்க நேர்ந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிற் சேர்க்கலாகாது என 2016ஆம் ஆண்டில் ஒரு சிறப்புச் சட்டம் நிறைவேறியது. அது காணி உடையவரைக் காத்தது. காணி இல்லாது, காணிகளின் இடையே கடலுக்குச் செல்லும் வழியை மட்டும் உடையவரின் நிலை வேறு.

கடற்கரை மணல் அரசுடையது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்ந்த வற்றுப்பெருக்குக் கோட்டிலிருந்து 300 மீற்றர் உள்நோக்கிக் கரையோர வலயம் என வகுத்தது. ஆனால் பெருவீதிக்கும் கரைக்கும் இடையே கிடப்பவை பல இடங்களிலே தனியார் காணிகள். உல்லாச விடுதிகள் எழும் நிலாவெளிக் கரையில் அக்காணிகளின் மதிப்பு ஏறும்போது, மதில் எழுவதும் இயல்பே. மதில் எழுந்த பின்னர், வாடியிலிருந்து மீன்பெட்டியை ஏற்றி வருபவர் ஊரைச் சுற்றியே வீதிக்கு ஏறுதல் வேண்டும். விடியலில் அந்தச் சுற்று வழியால் மீன் சந்தைக்குப் பிந்தும். பள்ளிப் பிள்ளைக்கு அதே சுற்று, நாளொன்றுக்கு இருமுறை.

மதில் எழுமுன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. காணியைப் பிரித்து உறுதி எழுதும்போது, நில அளவையாளரின் படத்திலே ஒழுங்கையையும் கோடு போட்டுக் குறித்து, அதன் அகலத்தை எழுதி, பிரதேச சபையின் வீதிப் பதிவிலும் சேர்த்துவிட்டால், மணல் எவ்வளவு நகர்ந்தாலும் பாதை நகராது. அகலமும் பெரிதாக வேண்டியதில்லை. உழுத வயலின் குறுக்கே செல்லும் குதிரைப்பாதைக்கு இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 2 மீற்றர் என்று வரையறுத்தது. பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று, எதிரே வலை சுமந்து வருபவருக்கு ஒதுங்கி வழிவிட்டுச் செல்ல அந்த இரண்டு மீற்றர் போதும்.