நாய் கடித்ததை மறைக்கலாமா?

செல்லங்களே! தெருநாய்க் குட்டியோடு விளையாடியது தெரிந்தால் அடி விழும் என்று, நாய் பிராண்டியதை வீட்டில் மறைத்த பிள்ளைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

ரேபீஸ் என்னும் வெறிநோயின் கிருமி, நோயுள்ள நாயின் உமிழ்நீரில் இருக்கும். அது கடித்தாலோ, பிராண்டினாலோ, புண்ணில் நக்கினாலோ நம் உடம்புக்குள் புகுந்துவிடும். பூனை, குரங்கு மூலமும் வரலாம். வெறிநாய் கடித்தால் மாட்டுக்கும் இதே கதிதான்.

இந்தக் கிருமி நரம்பு வழியாக மெல்ல மெல்ல மூளைக்கு ஊர்ந்து போகிறது. பெரும்பாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். முகத்தில் கடித்தால் தூரம் குறைவு, சீக்கிரமே போய்விடும். தண்ணீரைக் கண்டு நடுங்கும் நிலை வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதனால் அன்றைக்கே ஊசி போடத் தொடங்கிவிட வேண்டும்.

1885 ஜூலையில், வெறிநாய் பல இடங்களில் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டரை அவன் அம்மா பாரிஸில் லூயி பாஸ்டரிடம் அழைத்துப் போனார். நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வீரியத்தைக் குறைத்துப் பாஸ்டர் மருந்து தயாரித்திருந்தார். அதை நாய்களிடம் சோதித்திருந்தார். 13 ஊசிகள்! பையன் பிழைத்தான். பெரியவனானதும் பாஸ்டர் நிலையத்திலேயே வேலைக்குச் சேர்ந்தான். நம் குன்னூரிலும் 1907-இல் ஒரு பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று தாத்தா பயமுறுத்துவார். அதெல்லாம் அந்தக் காலம்! இப்போது கையில் சில ஊசிகள்தான். அரசு மருத்துவமனையில் இலவசம்.

நாய் கடித்தால் உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். கழுவிக்கொண்டே அம்மாவைக் கூப்பிடுங்கள்.